ஜென்டில் ரீடர்: ஒரு விளியின் பெறுமதி

நதானியேல் ஹாதார்ன் 1859 டிசம்பரில் 'தி மார்பிள் ஃபான்' நாவலுக்கு எழுதிய முன்னுரையில் காணாமல் போன ஒருவரைத் தேடுகிறார். ஆங்கில நூல்களின் முகப்பில் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக 'ஜென்டில் ரீடர்' என்று விளிக்கப்பட்டு வந்தவர்தான் அவர். ஆசிரியனின் குறைகளைப் பொறுத்து, குறிப்பால் உணர்த்தியதையும் முழுதாக வாங்கிக்கொள்ளும் அந்த உற்ற நண்பரைத் தாம் ஒருமுறையும் நேரில் கண்டதில்லை என்கிறார் ஹாதார்ன். தாம் புதினம் எதுவும் வெளியிடாதிருந்த ஏழெட்டு ஆண்டுகளில் அவர் இறந்தும் போயிருக்கலாம். பாசி படர்ந்த ஏதோ ஒரு கல்லறைக்கு அடியில், பாதி அழிந்த பெயரோடு கிடக்கலாம். ஓர் இலக்கிய மோஸ்தருக்கு உள்ள ஆயுள்தான் அவருக்கும் என்று முன்னுரை கணக்குப் போடுகிறது.

கிண்டல் நேர்த்தியானது, கணிப்பு பாதிதான் சரி. அந்த விளியின் ஆகச் சிறந்த பயன்பாடு என்று நான் கருதுவது, ஹாதார்னின் நாவல் வெளிவந்து ஓராண்டு கழித்துத்தான் அச்சேறியது. அதை எழுதியவர் ஹாதார்ன் கற்பனையிலும் எண்ணியிருக்கக்கூடிய ஆசிரியர் அல்லர்.

கதைசொல்லி கதையை நிறுத்திவிட்டு வாசகரைப் பார்த்துப் பேசும் இந்த வழக்கம் குறித்துத் திறனாய்வுலகம் இருமுறை மொத்தமாகத் தீர்ப்பு எழுதியிருக்கிறது. ஹென்றி ஜேம்ஸின் வழிநின்ற பெர்சி லபக், 1921இல் வெளியிட்ட 'தி கிராஃப்ட் ஆஃப் ஃபிக்ஷன்' மூலம், ஆசிரியர் குறுக்கிட்டுப் பேசுவதை ஏறக்குறைய ஒழுக்கக் கேடாகவே பார்க்கும் ஒரு தலைமுறைக்கு அடித்தளமிட்டார். வேன் பூத் 1961இல் அந்தத் தடையை உடைத்தார். அதன்பின் ராபின் வார்ஹால், காரெட் ஸ்டூவர்ட் போன்றோர் விளியை ஆய்வுக்குரிய பொருளாகவே உயர்த்தினர். முதல் அணி விளியைப் பிழை என்றது. இரண்டாம் அணி உத்தி என்றது. இரண்டுமே வகையைப் பற்றிய பேச்சு. தனித்தனி இடங்களில் அது நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்ற கேள்வி இரண்டுக்கும் நடுவில் நழுவிப் போயிற்று.

நான் கையாளும் அளவுகோல் எளியது. விளியை அந்த இடத்திலிருந்து நீக்கிப் பார்க்க வேண்டும். நீக்கிய பிறகு இதமும் நெருக்கமும் மட்டும் குறைந்தால், அது அலங்காரம். வாசகர் செய்ய வேண்டியிருந்த ஒரு வேலை, எடுக்க வேண்டியிருந்த ஒரு முடிவு, ஏற்க வேண்டியிருந்த ஒரு பழி காணாமல் போனால், அது அமைப்பு. அலங்காரம் குற்றமன்று, ஆனால் அதற்கு அமைப்பின் மதிப்பெண்ணைத் தர முடியாது.

சொல்லின் வரலாற்றை இங்கே தவிர்க்க முடியவில்லை, ஏனென்றால் விளியின் பாசாங்கு அதற்குள்தான் இருக்கிறது. 'ஜென்டில்' இன்று மென்மை. பதினாறாம் நூற்றாண்டில் அது குடிப்பிறப்பு; குலத்தைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. எலிசபெத் காலத்து நூலின் முன்னுரை வாசகரை இப்படி விளித்தபோது, காசு கொடுத்துப் புத்தகம் வாங்கிய எவரையும் நற்குடியினராக ஆக்கியது. நம் காப்பியங்களின் அவையடக்கம் நினைவுக்கு வரலாம். ஆனால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்பவை. அவையடக்கத்தில் அவை முன்பே உயர்ந்தது. புலவன் தன்னைத் தாழ்த்திக்கொண்டால் போதும். அச்சுப் புத்தகத்துக்கு அவை எது என்றே தெரியாது. தெரியாதவரை உயர்த்தி வைத்தால் அவர் அந்த உயரத்துக்குத் தக நடந்துகொள்வார் என்ற நம்பிக்கைதான் இந்த முகமன்.

அந்தக் காலத்திலேயே இந்தப் பாசாங்கைக் கண்டுகொண்டவர்கள் இருந்தார்கள். பென் ஜான்சன் 1611இல் 'கேட்டிலைன்' நாடகத்தை அச்சிட்டபோது சாதாரண வாசகருக்கு ஒன்றும் அசாதாரண வாசகருக்கு ஒன்றுமாக இரண்டு முன்னுரைகள் வைத்தார். எல்லாரையும் ஒரே நற்குடியில் சேர்க்க அவர் ஒப்பவில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தொகுத்த ஹெமிங்ஸும் கான்டெலும் 1623ஆம் ஆண்டு ஃபோலியோவில் நேர்மாறாக நடந்தார்கள்: கற்றுத் தேர்ந்தவர் முதல் எழுத்துக்கூட்டிப் படிப்பவர் வரை அனைவரையும் அழைத்து, எப்படி வேண்டுமானாலும் தீர்ப்புச் சொல்லுங்கள், முதலில் வாங்குங்கள் என்றார்கள். சந்தையை மறைக்காத இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில், 1621இல், ராபர்ட் பர்ட்டன் 'தி அனாட்டமி ஆஃப் மெலங்கலி'யை அந்த வழக்கமான விளியோடு தொடங்கி, வேற்றுப் பெயர் அணிந்து மேடையேறியிருக்கும் இவன் யார் என்று அறிய வாசகருக்கு ஆவல் இருக்கும் என்று ஊகித்து, உடனே அந்த ஆவலை நிறைவேற்ற மறுக்கிறார். முகமனும் மறுப்பும் ஒரே மூச்சில். விளியின் முதல் தேர்ந்த கையாளுகை இது என்பேன். அங்கே வாசகர் ஒரு பாத்திரமாகிவிடுகிறார்.

பதினெட்டாம் நூற்றாண்டு இந்தப் பாத்திரத்தை நாவலுக்குள் அழைத்து வந்தது. ஹென்றி ஃபீல்டிங் 1749இல் 'டாம் ஜோன்ஸ்' நாவலின் பதினெட்டுப் பகுதிகளுக்கும் முன்னால் ஒவ்வொரு பேச்சு அத்தியாயம் வைத்தார். தொடக்கத்தில் அவர் விலைப்பட்டியலைக் காட்டும் சாப்பாட்டுக் கடைக்காரர். இறுதிப் பகுதியின் தொடக்கத்தில், கோச்சு வண்டியில் கூடவே வந்து இறங்கப்போகும் சகபயணி. கடைக்காரருக்கும் பயணிக்கும் இடையே வாசகருடனான உறவு வளர்ந்திருக்கிறது என்று காட்டுவது அமைப்புரீதியான சாதனை. ஆனால் அத்தியாயம் அத்தியாயமாக எடுத்துப் பார்த்தால் பல இடங்களில் ஃபீல்டிங் தம் குரலின் இனிமையில் தாமே மயங்கியிருக்கிறார். நீக்கிப் பார்க்கும் சோதனையில் கால்வாசி அத்தியாயங்கள் தாக்குப்பிடிக்கா.

லாரன்ஸ் ஸ்டெர்ன் தாக்குப்பிடிக்கிறார். 'டிரிஸ்ட்ரம் ஷான்டி'யில் ஒரு பெண் வாசகர் ஓர் அத்தியாயத்தைக் கவனமின்றிப் படித்ததற்காகத் திருப்பி அனுப்பப்படுகிறார். அவர் மறுபடி படித்து வரும்வரை கதைசொல்லி நம்மோடு பேசிக்கொண்டிருக்கிறார். விதவை வாட்மனின் அழகை வருணிக்காமல் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு, உங்களுக்குப் பிடித்தபடி நீங்களே வரைந்துகொள்ளுங்கள் என்கிறார். விளிக்கப்பட்ட வாசகருக்குக் கையில் வேலை வந்துவிட்டது. குறை ஒன்று உண்டு: கண்டிக்கப்படுபவர் பெரும்பாலும் 'மேடம்'தான், ஆணுக்கு அந்தத் தண்டனை அரிது. நையாண்டியின் சுமை சமமாகப் பங்கிடப்படவில்லை.

கவிதையில் இந்த விளி செய்த ஒரே பெரிய காரியம் வேர்ட்ஸ்வொர்த்தின் 'சைமன் லீ' என்று துணிந்து சொல்லலாம். 1798ஆம் ஆண்டு 'லிரிக்கல் பேலட்ஸ்' தொகுப்பில் வந்தது. முதிர்ந்து நொடித்துப்போன ஒரு வேட்டைப் பணியாளரைப் பற்றிப் பாதிக் கவிதைக்கும் மேலாகச் சாவகாசமாகப் பேசிவிட்டு, கவிஞர் திடீரென வாசகரிடம் திரும்புகிறார்: பொறுமையாகக் காத்திருக்கிறீர்கள், ஏதோ கதை வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள் போலிருக்கிறது; இதில் கதை இல்லை, ஆனால் சிந்தித்தால் நீங்களே ஒன்றை ஆக்கிக்கொள்ளலாம். பிறகு வருவது ஒரு சிறு செயல் மட்டும். கிழவரால் வெட்ட முடியாத ஒரு வேரைக் கவிஞர் ஒரே வீச்சில் வெட்டித் தருகிறார். கிழவரின் கண்ணீர் நன்றி அவரைக் கலக்குகிறது. பழைய முகமன் இங்கே தன் வர்க்கத்தை இழந்து நிற்கிறது. நற்குடி வாசகரின் எதிரே நிற்பவர் ஒரு வேலைக்காரர். சுவையான சம்பவம் வேண்டும் என்ற வாசகப் பழக்கமே விசாரணைக்கு உள்ளாகிறது. நீக்கிப் பாருங்கள்: கவிதை ஓர் உருக்கமான துணுக்காகச் சுருங்கிவிடும். கவிதையின் முற்பகுதி தேவைக்கு மேல் நீண்டது என்ற பழைய புகாரில் நியாயம் உண்டு. அந்த நீளமே வாசகரின் பொறுமையைக் கூர்தீட்டுகிறது என்ற வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை, பாதி ஏற்கிறேன்.

விக்டோரியா காலத்து நாவல்களில் விளி பெருகியதற்குப் பொருளாதாரக் காரணம் ஒன்று உண்டு. மூன்று பாகங்களாக வந்த நாவலின் விலை முப்பத்தொன்றரை ஷில்லிங். நடுத்தரக் குடும்பமும் யோசித்தே வாங்கும் விலை. 1842இல் தொடங்கிய மியூடியின் வாடகை நூலகம் போன்றவை வழியாகவும், மாதாந்திரப் பகுதிகளாகவும், பத்திரிகைத் தொடராகவுமே நாவல் வீடுகளுக்குள் நுழைந்தது. வாசகர் தொகை பெருகப் பெருக அவர் முகம் மங்கியது. முகம் தெரியாதவரைப் பெயர் சொல்லி அழைக்க இயலாது. பண்பு சொல்லி அழைக்கலாம்.

தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' 1847, 48ஆம் ஆண்டுகளில் மாதப் பகுதிகளாக வந்தது. முதல் அத்தியாயத்திலேயே, கிளப்பில் உட்கார்ந்து இதைப் படிக்கும் ஜோன்ஸ் என்ற ஒரு வாசகர் இதெல்லாம் அசட்டுத்தனம் என்று முகம் சுளிப்பார் என்று ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். ஜோன்ஸ் அற்புதமான கண்டுபிடிப்பு. அவரைப் பார்த்துச் சிரிக்கும்போதே நாமும் அதே போலிச் சந்தையில் கடைவிரித்தவர்கள் என்பது உறைக்கிறது. ஆனால் தாக்கரே இறுதியில் பொம்மைகளைப் பெட்டிக்குள் வைத்து மூடச் சொல்லி விடைபெறும்போது, அதுவரை வாசகரையும் சேர்த்துக் குற்றஞ்சாட்டிய குரல் தன் பொறுப்பிலிருந்து நழுவுகிறது. பெக்கி ஷார்ப்பைப் பொம்மை என்று நம்ப வைக்க அந்த நாவலின் எந்தப் பக்கமும் ஒத்துழைக்கவில்லை. கூர்மை தொடக்கத்திலும் சோர்வு முடிவிலுமாக, விளி அங்கே தன் வாக்குறுதியைக் காப்பாற்றவில்லை.

டிரோலப்பின் வழக்கு வேறு. 1857இல் வந்த 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலில், கதாநாயகி எலினோர் அந்த ஸ்லோப்பையோ பெர்டி ஸ்டான்ஹோப்பையோ மணக்கப் போவதில்லை, கவலை வேண்டாம் என்று வாசகருக்கு நேரடியாக வாக்களித்துவிடுகிறார். டிரோலப் இறந்த மறு ஆண்டில் ஹென்றி ஜேம்ஸ் எழுதிய கட்டுரையும், 1884இல் வந்த 'தி ஆர்ட் ஆஃப் ஃபிக்ஷன்' கட்டுரையும் இத்தகைய பழக்கத்தைப் புனிதக் கடமைக்கு இழைத்த துரோகமாக நடத்துகின்றன: நாவலாசிரியன் வரலாற்றாசிரியனைப் போல உண்மையைச் சொல்வதாகப் பாவிக்க வேண்டும், தான் கற்பனை செய்வதாக ஒப்புக்கொள்வது தன் காலைத் தானே வெட்டிக்கொள்வது. ஜேம்ஸ் தம் அளவுகோலில் சரி. அந்த அளவுகோல் மாயத்தோற்றம் என்ற ஒன்றையே நாவலின் முதல் பொருளாகக் கொள்கிறது. டிரோலப் அதைக் கொள்ளவில்லை. யாரை மணப்பாள் என்ற ஆர்வத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு நல்ல பெண்ணைப் பற்றி ஊர் எப்படித் தப்பாக நினைக்கிறது என்பதில் கவனத்தைத் திருப்புகிறார். அது முறையான மாற்று. (ஜேம்ஸும் 'தி போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி'யில் வாசகரை அங்கங்கே குறிப்பிடுகிறார் என்பதை அவருடைய சீடர்கள் மறந்துவிடுவது வழக்கம்.) எனினும் டிரோலப்பின் வாக்குறுதி வாசகருக்குக் கொடுப்பது நிம்மதி மட்டுமே. நிம்மதியடைந்த வாசகரிடம் அதன்பின் எதையும் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. ஜேம்ஸ் கண்டித்த இடத்தில் குறை இல்லை. அவர் கவனிக்காத இடத்தில் இருக்கிறது.

ஜார்ஜ் எலியட் 1859இல் 'ஆடம் பீட்' நாவலின் பதினேழாம் அத்தியாயத்தில் கதையை நிறுத்தி, ஒரு பெண் வாசகரை எழுப்பி, மதகுரு இர்வைனிடம் பக்தி போதவில்லையே என்று ஆட்சேபிக்க வைக்கிறார். பதிலாக வருவது ஆங்கிலத்தில் யதார்த்தவாதத்துக்கான மிகச் சிறந்த வாதங்களில் ஒன்று. டச்சு ஓவியங்களில் வரும் எளிய மனிதர்களைச் சாட்சியாக அழைத்து, அழகற்றவர்களுக்கும் நம் அன்பில் பங்குண்டு என்று நிறுவுகிறது. கட்டுரையாகப் பார்த்தால் பழுதில்லை. விளியாகப் பார்த்தால் பழுதுண்டு. அந்தப் பெண் வாசகர் தோற்பதற்கென்றே படைக்கப்பட்டவர், ஆட்சேபனையில் வலுவில்லை. வலுவற்ற எதிராளியை வென்ற வாதத்துக்கு முழு வெற்றி எழுத முடியாது. பின்னால் 'மிடில்மார்ச்' நாவலில் ஓர் அத்தியாயத்தை டொரோதியாவிடம் தொடங்கி, வாக்கியத்தின் பாதியிலேயே, எப்போதும் ஏன் அவள் பார்வை மட்டும் என்று கதைசொல்லி தன்னைத் தானே தடுத்து, வறண்ட கசோபனின் பக்கம் திரும்பும்போது, வாசகர் என்ற சொல்கூட வருவதில்லை. ஆனால் நம் சாய்வு பிடிபட்டுவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் எலியட் அடைந்த முதிர்ச்சிக்கு இதைவிடத் துல்லியமான சான்று தேவையில்லை.

டிக்கன்ஸைச் சுருக்கமாகவே கடக்கலாம். 1854இல் வந்த 'ஹார்டு டைம்ஸ்' நாவல், இனிச் செய்வது உங்கள் கையிலும் என் கையிலும் இருக்கிறது என்று வாசகரை அன்போடு அழைத்து முடிகிறது. தொழிற்சங்கத்தையும் முதலாளியையும் ஒரே குழப்பம் என்று தள்ளிவிட்ட ஒரு கதை, தான் தீர்க்காத கணக்கை வாசகர் தலையில் ஏற்றுகிறது. உணர்ச்சி உண்மையானது. கணக்கு அவருடையது.

சார்லட் பிராண்டியிடம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனெனில் இந்த விளியை அதிகம் நேசித்தவரும் கூர்மையாகச் சந்தேகித்தவரும் அவரே. 1847இல் வந்த 'ஜேன் அயர்' நாவலின் கடைசி அத்தியாயம், வாசகரை விளித்து, ஜேன் தான் ராச்செஸ்டரை மணந்துகொண்டதாக அறிவிக்கும் மிகச் சிறு வாக்கியத்தோடு தொடங்குகிறது. ஆங்கில நாவலின் மிகப் புகழ்பெற்ற வாக்கியங்களில் ஒன்று. அதன் புகழுக்குக் காரணம் காதல் என்றே பலர் எண்ணுகிறார்கள். காரணம் வாக்கிய அமைதி என்பேன்: எழுவாய் அவள், செயலும் அவளுடையது, ராச்செஸ்டர் செயப்படுபொருள். வாசகர் அங்கே சாட்சி. சிறுமியாக இருந்தபோது அத்தை வீட்டில் தன் தரப்பைக் கேட்க ஒருவரும் இல்லாதவள், நாவல் முழுக்கத் தனக்கென ஒரு நடுவரை உருவாக்கி வைத்திருந்து, கடைசியில் அவரிடம் கணக்கு ஒப்புவிக்கிறாள். விளியை நீக்கினால் மிஞ்சுவது செய்தி.

அதே நாவலில் பலவீனமான விளிகளும் உண்டு. பதினோராம் அத்தியாயத் தொடக்கத்தில் அவள் நாடகமேடைத் திரையை உயர்த்துவதாகச் சொல்லி, மில்கோட் ஊர் விடுதியின் அறை ஒன்றைப் பார்ப்பதாகப் பாவிக்கச் சொல்கிறாள். சரித்திர நாவல்களில் ஊறிய கல்கி 'பொன்னியின் செல்வன்' தொடக்கத்தில் நேயர்களைப் படகேற்றிக்கொண்டு ஆயிரம் ஆண்டு பின்னால் போவதை அறிந்த நமக்கு அது பழக்கமான உத்தி. கல்கிக்கு ஆயிரம் ஆண்டைக் கடக்க வேண்டியிருந்தது. ஜேனுக்குக் கடக்க வேண்டியிருந்தது ஒரு கோச்சு வண்டிப் பயணம். அந்த இடத்தில் திரை மிகையானது.

ஆறு ஆண்டுகள் கழித்து வந்த 'வில்லெட்' நாவலில் இந்தச் சாட்சியின் மீதான நம்பிக்கை முறிகிறது. லூசி ஸ்னோ டாக்டர் ஜான் யார் என்பதைக் கண்டுகொண்ட பிறகும் பல அத்தியாயங்கள் நம்மிடம் மறைக்கிறாள். அதற்கும் முன்பே, தன் இளமையின் எட்டு ஆண்டுகளை அமைதியான துறைமுகத்தில் வெயில் காயும் படகாகக் கற்பனை செய்துகொள்ள வாசகருக்கு அனுமதி தந்துவிட்டு, அப்படியானால் எங்கோ கப்பல் உடைந்திருக்க வேண்டும் என்று ஒரே வரியில் அந்தப் படத்தைக் கிழிக்கிறாள். முடிவில் மீண்டும் கடல், மீண்டும் புயல். பால் இமானுவேல் திரும்பி வந்தாரா என்பதைச் சொல்லாமல், இனிய கற்பனை உள்ளவர்கள் நல்லபடியாக நம்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறாள். நாவல் சோகமாக முடியக்கூடாது என்று சார்லட்டின் தந்தை விரும்பினார் என்பதை எலிசபெத் கேஸ்கெல் பதிவு செய்திருக்கிறார். அந்தச் செய்தியை வைத்து, முடிவின் மயக்கத்தைத் தந்தைக்காகச் செய்த சமரசம் என்று சொல்வோர் உண்டு. நான் ஒப்பவில்லை. இளமைப் படகில் விதைத்ததைத்தான் இறுதிப் புயலில் அறுக்கிறார். மகிழ்ச்சியான முடிவைத் தேர்வு செய்யும் மென்மையான வாசகர், தாம் ஏமாற்றப்படத் தாமே கையெழுத்திடுகிறார். பழைய முகமன் இங்கே ஒரு பொறி. ஒருமையில் 'வில்லெட்' தன் மூத்த நாவலைவிட உயர்ந்தது, வெப்பத்தில் தாழ்ந்தது. விளியின் கலை என்ற ஒன்றை மட்டும் எடைபோட்டால், தராசு 'வில்லெட்' பக்கமே சாயும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வழக்கு அருகியது. மூன்று பாக நாவல் 1890களின் நடுவில் வீழ்ந்ததும், ஃப்ளோபேர் வழிவந்த மறைந்திருக்கும் ஆசிரியன் என்ற கொள்கை வென்றதும் சேர்ந்து அதை முடித்தன. மிஞ்சியவை பெரும்பாலும் குற்றவாளிகளின் கையில். ஃபோர்டு மேடக்ஸ் ஃபோர்டின் 'தி குட் சோல்ஜர்' (1915) கதைசொல்லி, கணப்பருகே எதிரில் உட்கார்ந்து அனுதாபத்தோடு கேட்கும் ஓர் ஆத்மாவைக் கற்பனை செய்துகொண்டு, தன் குருட்டுத்தனத்தை அடுக்கடுக்காக அவிழ்க்கிறான். நபக்கோவின் ஹம்பர்ட், வாசகரை நடுவர் குழுவில் உட்கார வைத்து, சகோதரன் என்று தோள் தொட்டு அழைக்கிறான். அந்தத் தொடுகையின் அருவருப்பை உணர்வதுதான் 'லோலிட்டா' வாசகருக்கு இட்ட பணி. அதை உணராமல் நடைக்கு மயங்கியவர்களின் பட்டியல் நீளமானது. அது ஆசிரியரின் குற்றமா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எனக்கு அது இடர்ப்பாடு தெரிந்தே செய்த துணிவு.

இன்று அந்தச் சொல்லைப் பெரும்பாலோர் கேட்பது 'பிரிட்ஜெர்டன்' தொடரில், ஜூலி ஆண்ட்ரூஸின் குரலில். லேடி விசில்டவுன் தன் வம்புத்தாளில் அப்படித்தான் தொடங்குகிறாள். கேலி செய்வது எளிது. ஆனால் அங்கே ஓர் உண்மையான அமைப்பு இருக்கிறது. அவள் விளிக்கும் வாசகர் கதைக்குள்ளேயே இருக்கும் உயர்குடியினர். அவள் எழுதுவதால் அவர்கள் திருமணங்கள் உடைகின்றன, கூடுகின்றன. 'ஜென்டில்' தன் பழைய குடிப்பிறப்புப் பொருளைத் திரும்பப் பெற்ற ஒரே வெகுஜனப் படைப்பு இதுவாக இருக்கலாம். பார்வையாளராகிய நமக்கு அது ஒரு பட்டு உடை, அவ்வளவே.

இனி, ஹாதார்னின் நாவலுக்கு ஓராண்டு கழித்து அச்சேறியது என்று முதலில் குறிப்பிட்ட நூல். ஹாரியட் ஜேக்கப்ஸ் வட கரோலைனாவில் அடிமையாகப் பிறந்தவர்; எஜமானனிடமிருந்து தப்ப, பாட்டி வீட்டுக் கூரைக்கு அடியில் நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு பொந்தில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தவர். 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோ இவருடைய கதையைத் தம் நூல் ஒன்றில் சேர்த்துக்கொள்ள முன்வந்தபோது, தம் கதையைத் தாமே எழுதுவதென்று முடிவு செய்தார். 1861இல் லிண்டா பிரென்ட் என்ற புனைபெயரில் 'இன்சிடென்ட்ஸ் இன் தி லைஃப் ஆஃப் எ ஸ்லேவ் கேர்ள்' பாஸ்டனில் வெளிவந்தது.

அவர் விளிக்கும் வாசகர் வட மாநிலத்து வெள்ளைப் பெண்மணி: பக்தி உள்ளவர், கற்பைப் போற்றுபவர், நாவல் படிப்பவர். ஸ்டோவும் அதே பெண்மணியைத்தான் விளித்தார். உங்கள் பிள்ளையைப் பறிக்க வந்தால் நீங்கள் எவ்வளவு வேகமாக நடப்பீர்கள் என்று தாய்மார்களைக் கேட்டார். வார்ஹால் இதை நெருக்கமூட்டும் விளி என்று வகைப்படுத்துவார், சரிதான். ஆனால் நெருக்கம், விலக்கம் என்ற அளவு விளியின் வகையைச் சொல்லுமே தவிரத் தரத்தைச் சொல்லாது. ஸ்டோவின் விளி ஒப்புமையில் இயங்குகிறது: நீங்களும் தாய், அவளும் தாய். ஜேக்கப்ஸின் விளி அந்த ஒப்புமையை மறுக்கிறது. எஜமானனிடமிருந்து தப்ப இன்னொரு வெள்ளையனோடு உறவு கொண்டதைச் சொல்லுமிடத்தில், ஒழுக்கமுள்ள வாசகரிடம் அவர் முதலில் மன்னிப்பை இறைஞ்சுகிறார்; சில வரிகளுக்குள், அடிமைப் பெண்ணை மற்றவர்களை அளக்கும் அதே கோலால் அளக்கக்கூடாது என்று கருதுவதாகச் சொல்லிவிடுகிறார். இறைஞ்சலும் மறுப்பும் பக்கத்தில் பக்கத்தில். பர்ட்டன் விளையாட்டாகச் செய்ததை இவர் உயிரைப் பணயம் வைத்துச் செய்கிறார். வாசகரின் மென்மை எதனால் சாத்தியமாயிற்று, யாருடைய பாதுகாப்பின் மீது அது நிற்கிறது என்ற கேள்வியை அந்தப் பத்தி எழுப்புகிறது. கடைசியில், வழக்கமான கதைகளைப் போலத் தன் கதை திருமணத்தில் முடியவில்லை, விடுதலையில் முடிகிறது என்று வாசகரிடம் அறிவிக்கிறார். 'ஜேன் அயர்' வாக்கியத்துக்கு எதிரே இதை வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ஜேன் தான் செய்ததைச் சொல்கிறாள். ஜேக்கப்ஸ் வாசகர் எதை எதிர்பார்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார், அதைத் தர மறுக்கிறார், தந்ததன் போதாமையையும் மறைக்கவில்லை: பிள்ளைகளோடு தமக்கென்று ஒரு வீடு இன்னும் அமையவில்லை என்று உடனே சேர்க்கிறார்.

நீக்கிப் பார்க்கும் சோதனையில் இந்த நூல் அளவுக்கு இழக்கும் வேறொரு நூலை நான் அறியேன். ஆகவே விளியின் கலையில் முதலிடம் ஜேக்கப்ஸுக்கு, 'வில்லெட்' அடுத்தது, 'சைமன் லீ' மூன்றாவது. ஆனால் முதலிடத்திலும் ஒரு குறை உண்டு, அது நூலின் பிற்கால வரலாற்றில் வெளிப்பட்டது. இது புனைவல்ல என்று முன்னுரையில் வாசகரை விளித்தே ஜேக்கப்ஸ் உறுதி கூறியிருந்தார். இருந்தும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இதைப் பதிப்பாசிரியர் லிடியா மரியா சைல்டு எழுதிய நாவல் என்றே பலர் எண்ணினர். 1972இல் ஜான் பிளாஸிங்கேம் என்ற மதிப்புமிக்க வரலாற்றாசிரியர், மிகைநாடகத் தன்மை உள்ளது என்பதைக் காரணங்களில் ஒன்றாகக் காட்டி, இது நம்பத்தக்க சான்றல்ல என்று ஒதுக்கினார். ஜீன் ஃபேகன் யெலின் கடிதங்களைக் கொண்டு நூலாசிரியரை நிறுவி, 1987இல் ஹார்வர்டு பதிப்பைக் கொண்டுவந்த பிறகே வழக்கு முடிந்தது. நாவல் வாசகியை எட்டுவதற்காக ஜேக்கப்ஸ் எடுத்துக்கொண்ட நடையும் விளியுமே அவரை நாவலாகப் படிக்க வைத்தன. அவர் தேர்ந்த கருவி 1861இன் வாசகிக்குப் பொருத்தமானது, ஆவணம் தேடி வந்த வரலாற்றாசிரியருக்குப் பொருந்தாதது. இரண்டாமவருக்காக முதலாமவரை இழந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.